நாற்பத்து மூன்று தனேஷ்

புதன்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு நசீருதீன் தன் சொந்தக் கம்பெனியிலிருந்து வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

கம்ப்யூட்டரில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துவிட்டு டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் திரையில் வந்துவிட்டது: ‘அன்புள்ள தனேஷ், உங்கள் பணிக்காலம் நேற்றுடன் முடிந்தது. இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி.’

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடியும் அதே நன்றி.

தனேஷ் அவரிடம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஸ்ரீ கெம்பாங்கானில் வேறு வேலை கிடைத்து, செவ்வாய்க்கிழமை மாலை எல்லாருக்கும் கைகொடுத்துச் சொல்லிக்கொண்டு போயிருந்தான். அவனுக்குப் போகவேண்டிய நன்றி முதலாளிக்கு எதற்கு வருகிறது?

ஐந்தாவது நிமிடம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில் ரிஹானாவின் கைப்பேசி அலறியது.

“ரிஹானா! என் பேரு தனேஷாம் லா!”

பேசியது குமுதா. கிள்ளானில் நசீருதீன் நடத்தும் ‘பவளக்கடல்’ கம்பெனியின் அலுவலக நிர்வாகி. உறைய வைத்த மீனும் ஆட்டிறைச்சியும் இறக்குமதி செய்து கோலாலம்பூர் வட்டார உணவகங்களுக்கு அனுப்பும் கம்பெனி அது.

“அக்கா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. யார் தனேஷ்?”

“நான் தனேஷ். ஸ்டோர் சூப்பர்வைசர் தனேஷ். முதலாளி தனேஷ். நாற்பத்து மூணு பேரும் தனேஷ். எல்லாரும் வேலைய விட்டுட்டோமாம், நன்றி சொல்லுது. லோரி ஒன்பதும் கேட்டுக்குள்ள நிக்குது. எவனாலயும் ஒண்ணத்தையும் திறக்க முடியல. நீ வா, உடனே வா.”

ரிஹானா கண்ணை மூடித் திறந்தாள். ஐந்து மாதம் முதுகு ஒடிய வேலை செய்து, திங்கட்கிழமை காலைதான் அந்த அமைப்பை ஓடவிட்டிருந்தாள். பவளக்கடலில் நான்கு மென்பொருள்கள் உண்டு. ஆள் பதிவுக்கு ஒன்று, குளிர்கிடங்குச் சரக்குக்கு ஒன்று, லோரிப் பயணங்களுக்கு ஒன்று, துறைமுக வாசல் சீட்டுக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல் கிடந்த அந்த நான்குக்கும் நடுவில் ஒரு காவல்காரனை உட்கார வைப்பதுதான் அவள் வேலை. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் ஆள் பதிவில் ஒரு தடவை எழுதினால் போதும்; அவருக்கு வேண்டிய கதவுகள் மட்டும் நான்கிலும் தானாகத் திறக்கும். விலகினால் எல்லாம் தானாக மூடும்.

தனேஷ் விலகினான். மூடிவிட்டது. ஆனால் நாற்பத்து மூன்று பேருக்கும் ஏன் மூடியது?

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை அவள் முதலாளி யுகேந்திரன் கதவருகில் மறித்தார். திங்கட்கிழமை வெற்றியைக் கொண்டாட அலுவலகம் முழுவதற்கும் நெய்த்தோசை வாங்கிக் கொடுத்தவர் அவர். இன்று முகத்தில் அந்த நெய்யின் பளபளப்பு இல்லை.

“ரிஹானா, நான் ஸ்ட்ரெய்ட்டா சொல்றேன் லா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பவளக்கடல் ஒப்புதல் கொடுத்தா, அதை வெச்சு அன்னைக்கே உங்க பெர்மிட் பேப்பர அனுப்பிடுவேன். கொடுக்கலன்னா, எந்த ப்ராஜெக்டைக் காட்டி இவங்க எனக்கு வேணும்னு நான் கேக்கறது?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சா சரி.”

தெரியாமலா இருக்கும்? மாதக் கடைசியோடு அவள் வேலை பெர்மிட் முடிகிறது. கணவன் ராசிக்கும் மகள் ஷைமாவும் இந்த நாட்டில் இருப்பது அவள் பெர்மிட்டைப் பிடித்துக்கொண்டுதான். ஷைமா இப்போதுதான் பள்ளியில் மலாய்ப் பாட்டுப் பாடக் கற்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நசீருதீன் ஒரு பொத்தானை அமுக்காவிட்டால் மூன்று பேரும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினாள். ஷா ஆலம் தாண்டுவதற்குள் குமுதா நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். நான்காவது தடவை அவர் எதுவும் பேசவில்லை. பின்னால் லோரிகளின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்கும்படி கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார்.

*

பவளக்கடல் அலுவலகத்துக்குள் ரிஹானா நுழைந்தபோது, நசீருதீன் வாசலிலேயே நின்றார். அறுபது தாண்டிய மனிதர். அவள் அதிராம்பட்டினம் என்று தெரிந்த நாளிலிருந்து, “சார் எல்லாம் வேணாம்மா, அண்ணன் முறையா காக்கான்னு கூப்பிடு. என் வாப்பாவும் அந்தப் பக்கம்தான்” என்று உறவு கொண்டாடுபவர். அந்த உறவினால் ரிஹானாவுக்குக் கிடைத்தது, வாரம் ஒரு பிரியாணியும், ஒப்பந்தத்தில் இல்லாத பதினேழு மாற்றங்களும்.

“என்னம்மா, ஊர்க்காரப் பொண்ணுன்னு நம்பிக் கொடுத்தேன். என்னையே வீட்டுக்கு அனுப்பிட்டியே?”

“பார்க்கிறேன் காக்கா. பத்து நிமிஷம்.”

அவளிடம் மட்டும் இருந்த பராமரிப்புச் சாவியைக் கொண்டு உள்ளே போனாள். பட்டியலைத் திறந்தாள். பவளக்கடலில் மொத்தம் எத்தனை ஆள் என்று காவல்காரனைக் கேட்டாள்.

‘ஒன்று’ என்றது.

ரிஹானா திரையைப் பார்த்தாள். திரையும் அவளைப் பார்த்தது. ஒரே ஓர் ஆள். அவனுக்கு நாற்பத்து மூன்று பெயர்கள். கீழே ஒரே ஒரு தொலைபேசி எண்.

“அக்கா,” என்றாள், குரலை அடக்கிக்கொண்டு. “ஸ்டாஃப் எல்லாரோட ஹேண்ட்ஃபோன் நம்பரும் ஏன் ஒரே நம்பரா இருக்கு?”

குமுதா தன் மேசையைக் காட்டினார். அங்கே ஓர் எவர்சில்வர் தட்டில், ரப்பர் வளையம் இரண்டு போட்டு, சார்ஜர் வயரோடு சேர்த்து டேப் ஒட்டப்பட்ட பழைய பட்டன் கைப்பேசி ஒன்று படுத்திருந்தது. பட்டன்களில் எண்கள் எப்போதோ அழிந்து போயிருந்தன.

“நம்ம கம்பெனி ஃபோன் அதான். எல்லாருக்கும் அந்த நம்பர்தான்.”

அந்த நேரம் பார்த்துக் கிடங்கு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா, டேக்!”

கடவுச்சொல் அடித்தபின் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணுக்குத்தான் இந்த நாட்டில் டேக் என்று பெயர். குமுதா தட்டிலிருந்த கைப்பேசியை எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு டேக் இல்லடா! எல்லாரும் தனேஷ்! போய் உக்காரு!” என்று கத்தினார். பிறகு ரிஹானாவிடம் சாதாரணமாகச் சொன்னார். “பதினோரு வருஷமா இப்படித்தான். யாருக்கு டேக் வந்தாலும் இங்க வரும். நான் கத்திச் சொல்வேன், அவங்க அடிச்சுக்குவாங்க.”

ரிஹானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ராதாகிருஷ்ணன் என்ற ஒரே ஊழியரை நான்கு மென்பொருளும் நான்கு விதமாக எழுதி வைத்திருந்ததால், பெயரை நம்பாமல் தொலைபேசி எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும்படி அமைத்தவள் அவளேதான். எண் ஒன்றானால் ஆள் ஒன்று. காவல்காரன் சொன்னதைச் செய்திருக்கிறான். நாற்பத்து மூன்று பேரையும் ஒரே ஆளாகக் கட்டி, அந்த ஒருவன் தனேஷ் என்ற பெயரில் வேலையை விட்டதும் மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டான்.

“டெஸ்ட் பண்ணும்போது பத்துப் பேர் விவரம் கொடுத்தீங்களே அக்கா? பத்தும் வேற வேற நம்பரா இருந்துச்சே?”

“நீதானே வேற வேற நம்பர் வேணும்னு சொன்னே? என் வீட்டுக்காரர் நம்பர், என் தங்கச்சி நம்பர், பந்திங்ல என் மாமியார் நம்பர். பத்தலைன்னு எங்க தாமான்ல வீட்டு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன் நம்பரையும் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவருக்குக்கூட ரெண்டு மூணு மெசேஜ் வந்துச்சாம். நல்லாத்தானே ஓடுச்சு?”

நன்றாகத்தான் ஓடியது. கேஸ் போடுகிறவர் உட்பட.

“திங்கட்கிழமை ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையா உங்களுக்கு?”

“எல்லாருக்கும் எல்லாம் திறந்துச்சு லா. டிரைவருங்க ஏழு பேரு தீபாவளி லீவை அவங்களே அப்ரூவ் பண்ணிக்கிட்டாங்க. புது சிஸ்டம் ரொம்ப நல்லாருக்குன்னு எல்லாருக்கும் சந்தோஷம்.”

ரிஹானா ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு, வேறு வழி தெரியாமல், ஆள் பதிவைத் திறந்து தனேஷை மறுபடியும் வேலையில் சேர்த்தாள்.

தட்டில் கிடந்த கைப்பேசி சிணுங்கியது. குமுதா படித்தார். “தனேஷ், மீண்டும் வருக.”

கிடங்கில் கைதட்டல் கேட்டது. லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டைத் தாண்டின.

*

நசீருதீனுக்கு வாயெல்லாம் பல். “அவ்வளவுதானா? இதுக்குப் போயி நான் பயந்துட்டேன். தனேஷ் அப்படியே இருக்கட்டும்மா. அவன் பாட்டுக்கு ஸ்ரீ கெம்பாங்கான்ல வேலை பாக்கட்டும், நம்ம சிஸ்டத்துலயும் இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? எங்க, அந்த ஒப்புதல் கடுதாசி எங்க இருக்கு? எதை அமுக்கணும்?”

ஒப்புதல் கடிதமும் கம்ப்யூட்டரில்தான். நாம் போட்ட காவல்காரன் வழியாகவே வாடிக்கையாளர் கையெழுத்துப் போடவேண்டும், காகிதத்தில் வாங்கினால் நமக்குத்தான் அசிங்கம் என்பது யுகேந்திரனின் பெருமை. நசீருதீன் கடிதத்தைத் திறந்தும்விட்டார். ‘ஏற்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தானுக்கு மேல் அம்புக்குறி நடுங்கிக்கொண்டு நின்றது.

ரிஹானாவின் கண் முன்னால் ஷைமா மலாய்ப் பாட்டுப் பாடினாள். ஒரு விரல் அசைவு. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் காக்கா. இப்ப அமுக்காதீங்க.”

“ஏம்மா?”

“அடுத்த மாசம் வேற யாராவது வேலைய விட்டா மறுபடியும் நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிருவீங்க. அது மட்டுமில்ல. இப்ப யார் ஃப்ரீசர் சூட்டை மாத்தினாலும், யார் லோரிய அனுப்பினாலும், எல்லாத்தையும் ஒரே ஆள் பண்ணதாத்தான் எழுதும். நாளைக்கு ஒரு கண்டெய்னர் இறைச்சி கெட்டுப்போனா யார் பண்ணதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? தனேஷ்னு வரும்.”

“அது நல்லதுதானே? தனேஷ்தான் இங்க இல்லையே, யாரும் வருத்தப்பட மாட்டாங்க.”

“காக்கா!”

“சரி, என்னதான் பண்ணணும்ங்கிற?”

“ஆளை ஸ்டாஃப் நம்பர் வெச்சு அடையாளம் பாக்குற மாதிரி நான் மாத்திடறேன். ஆனா டேக் அவங்கவங்க சொந்த ஹேண்ட்ஃபோனுக்குப் போகணும். இந்த ஒத்தை ஃபோனை நிறுத்தணும்.”

நசீருதீனின் முகம் சுருங்கியது. அம்புக்குறி பொத்தானை விட்டு விலகியது.

“அது மட்டும் ஆகாது. முன்னாடி ஒரு சேல்ஸ்மேன் இருந்தான். சொந்த நம்பர்ல வியாபாரம் பாத்தான். வேலைய விட்டுப் போனப்ப நம்பரோட போனான், நம்பரோட பாதி உணவகமும் போச்சு. அன்னைக்கு வெச்ச சட்டம் இது. என் கம்பெனில நம்பர் என் கைலதான் இருக்கும்.”

“இது உள்ள நுழையிற டேக் மட்டும்தான் காக்கா, வியாபாரத்துக்கும் இதுக்கும்…”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு பாப்போம்” என்று எழுந்து போய்விட்டார். அந்த வார்த்தைக்கு அவருடைய அகராதியில் ‘முடியாது’ என்று பொருள் என்பதை ஐந்து மாதத்தில் ரிஹானா படித்திருந்தாள்.

யுகேந்திரனிடம் கைப்பேசியில் சொன்னாள். “அமுக்கறேன்னு விரலத் தூக்கின மனுசனோட விரலப் பிடிச்சு நிறுத்தினீங்களா? உங்க பெர்மிட் லா அது! என்னோடது இல்ல!” என்று கத்தினார். பிறகு வைத்துவிட்டார்.

*

பேன்ட்ரியில் ரிஹானா சுவரைப் பார்த்து நின்றாள். அழுகை வரவில்லை. யாரையாவது கடிக்கலாம் போல மட்டும் இருந்தது.

குமுதா பின்னால் வந்து நின்றார். கையில் அந்தக் கைப்பேசி.

“நீ உள்ள பேசினது கேட்டுச்சு. ரிஹானா, பதினோரு வருஷத்துல நான் ஒரு முழு நாள் லீவு எடுத்ததில்ல, தெரியுமா?”

“ஏன்க்கா?”

“இதை யார் கைல கொடுக்கறது? என் தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டற நேரம், மேளம் அடிக்குது, நான் மண்டபத்துக்கு வெளிய நின்னு ரெண்டு, ஒன்பது, ஒன்பதுன்னு கத்திக்கிட்டு இருக்கேன். என் தங்கச்சி ஆல்பத்துல நான் ஒரு படத்துலயும் இல்ல. பல்லு பிடுங்கினப்பகூட வாயில பஞ்சோட ஆபீஸுக்கு வந்து டேக்கை விரலால காட்டினேன்.” கைப்பேசியை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். “முதலாளிக்கு நம்பர் அவர் கைல இருக்கணும். அவ்வளவுதானே?”

“ஆமா.”

“இருக்கட்டும்.”

அவர் தன் கம்ப்யூட்டருக்குப் போனார். இரண்டு நிமிடம் தட்டினார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு கேட்டேன். நானே அப்ரூவ் பண்ணிட்டேன். உன் சிஸ்டம்தான் இன்னைக்கு எல்லாருக்கும் எல்லாம் திறக்குதே.”

“அக்கா, அது தப்பு, அதைத்தான் நான் சரி பண்ண…”

“நீ சரி பண்றதுக்குள்ள நான் மோரிப் கடற்கரைக்குப் போயிட்டு வந்துடறேன்.”

*

வியாழக்கிழமை காலை நசீருதீனின் மேசை நடுவில் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதில் கைப்பேசி. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ‘நம்பர் உங்கள் கையில், முதலாளி.’

ரிஹானா கிடங்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து, ஸ்டாஃப் எண்ணை வைத்து நாற்பத்து மூன்று பேரையும் பிரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

“முதலாளி, டேக்!”

“இருடா. கண்ணாடி எங்க… எட்டு, மூணு, பூஜ்யம்…”

“பாஸ், அது என்னோடது இல்ல, ராதாகிருஷ்ணன் அண்ணனோடது! எனக்கு அடுத்தது!”

“அடுத்ததா? எதுக்கு அடுத்தது? இங்க ஆறு மெசேஜ் கிடக்குடா!”

“ரெண்டு நிமிஷம் ஆச்சு பாஸ், அந்த டேக் செத்துப் போச்சு. மறுபடி அனுப்பறேன்.”

பத்தரை மணிக்கு அவர் குரல் கம்மியது. பதினொன்றுக்கு டீ ஆறிப் போனது. பதினொன்றரைக்கு ஒரு வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு நடுவில் “ஒன்பது, நாலு, நாலு” என்றார். வாடிக்கையாளர் அதை ஆட்டிறைச்சியின் அளவாக எடுத்துக்கொண்டு ஒன்பது பெட்டி கூடுதலாகச் சொல்லிவிட்டார். கழிவறைக்கு அவர் கைப்பேசியோடு போனதை ஊழியர்கள் பார்த்தார்கள். உள்ளேயிருந்து எண்கள் வந்ததைக் கேட்டார்கள்.

ஒரு மணிக்கு மேல் லுஹர் தொழுகைக்குப் பக்கத்துத் தொழுகைக் கூடமான சுராவுக்குப் போனார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். சத்தத்தை அணைக்க எந்தப் பட்டன் என்று தெரியவில்லை, எல்லாம் அழிந்திருந்ததே. தொழுகை முழுக்க அது அவர் நெஞ்சில் கத்தியது. அந்த நேரம் போர்ட் கிள்ளான் வாசலில் கண்டெய்னரோடு நின்ற கிஷன் என்ற டிரைவர் மூன்று தடவை டேக் கேட்டு, பதில் வராமல், வாசல் சீட்டு பூட்டிக்கொள்ள, வெயிலில் நின்றான்.

இரண்டு மணிக்கு நசீருதீன் ரிஹானாவின் மேசைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அந்தப் பொண்ணு இத பதினோரு வருஷம் செஞ்சுதா?”

“ஆமா காக்கா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

ரிஹானா பட்டியலில் அடுத்த பெயரைப் பிரித்தாள். வாயைத் திறந்தால் மரியாதை கெட்டுவிடும்.

“எல்லாரையும் வரச் சொல்லு” என்றார். “அவங்கவங்க நம்பர அவங்கவங்களே வெச்சுக்கட்டும். வியாபாரத்துக்கு மட்டும் கம்பெனி நம்பர். சரியா?”

“சரி காக்கா. ஆனா ஒரு விஷயம்.”

“இன்னும் என்ன?”

“நம்பர மாத்தணும்னா, மாத்தறது நீங்கதான்னு உறுதி பண்ண, பழைய நம்பருக்கு ஒரு டேக் வரும். ஆளுக்கு ஒண்ணு.”

நசீருதீன் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தச் சட்டத்த வெச்சது யாரு?”

“நான்தான்” என்றாள் ரிஹானா.

மூன்று மணியிலிருந்து வரிசை நின்றது. வெளியே போயிருந்தவர்களும் லோரியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். இல்லாத தனேஷை விட்டுவிட்டு, லீவிலிருந்த குமுதாவின் எண்ணை ரிஹானாவே சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சொந்த எண்ணைச் சொல்ல, பழைய கைப்பேசி சிணுங்க, நசீருதீன் ஆறு இலக்கம் படித்தார். நாற்பத்தோரு தடவை. கடைசி ஆள் நகர்ந்ததும் ரிஹானா, “இப்ப உங்களோடது காக்கா” என்றாள்.

“போதும்மா! என்னோடது நாளைக்கு! இனி ஒரு நம்பர் படிச்சா எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும்.” கைப்பேசியைத் தட்டோடு தூக்கிக் குமுதாவின் மேசை டிராயருக்குள் போட்டு, முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். டக்கென்று சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரிஹானா ஆள் பதிவில் தனேஷை மறுபடி விலக்கினாள். அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கிடங்கிலிருந்து ஒரு குரல், “எனக்குத் திறக்குது!” என்றது. இன்னொன்று, “எனக்கும்! ஆனா என் லீவு போச்சு!” என்றது. ஏழு தீபாவளி விடுமுறைகளும் அப்ரூவல் இழந்திருந்தன. காவல்காரன் ஒழுங்காக வேலை பார்க்கிறான்.

இனி ஒரே ஒரு அமுக்கல்தான். ஆனால் நசீருதீன் ஜும்ஆவுக்குப் போனவர், அங்கிருந்து ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போய், நாலு இருபத்தைந்துக்குத்தான் வந்தார். ரிஹானா அதற்குள் யுகேந்திரனின் எட்டுச் செய்திகளுக்கு ‘வந்துகொண்டிருக்கிறார் சார்’ என்று பதில் போட்டிருந்தாள்.

“வா வா, அமுக்கிடலாம்” என்று உட்கார்ந்தார். கடிதத்தைத் திறந்தார். பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

‘உங்கள் எண்ணுக்கு டேக் அனுப்பப்பட்டுள்ளது’ என்றது திரை.

இருவரும் ஒரே நேரத்தில் வெளியே குமுதாவின் மேசை டிராயரைப் பார்த்தார்கள்.

“அல்லாவே” என்றார் நசீருதீன்.

அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிராயர் அது. சாவி குமுதாவின் கைப்பையில். கைப்பை மோரிப் கடற்கரையில். நாற்பத்தோரு பேரின் எண்ணை மாற்றிவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய ஒரே மனிதரின் எண்ணை மறந்தது யார் என்று ரிஹானா யோசிக்கவே விரும்பவில்லை. மணி நாலு முப்பத்தொன்று.

குமுதாவைக் கூப்பிட்டாள். பின்னால் அலைச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும்.

“அக்கா, டிராயர் சாவி!”

“நான் லீவு லா.”

“அக்கா, ப்ளீஸ். என் பெர்மிட்.”

குரல் மாறியது. “ஸ்டோர் ஷெல்ஃப் மேல பழைய பிஸ்கட் டின் இருக்கு. அதுல ஸ்பேர் சாவி. ஓடு.”

ரிஹானா ஓடினாள். ஷெல்ஃபில் மூன்று பிஸ்கட் டின்கள் இருந்தன. முதலாவதில் ஸ்க்ரூ. இரண்டாவதில், வியக்கத்தக்க வகையில், பிஸ்கட். மூன்றாவதில் சாவிகள், மொத்தம் பதினான்கு. ஒன்பதாவது சாவியில் டிராயர் திறந்தது. கைப்பேசி உயிரில்லாமல் கிடந்தது. டேப் ஒட்டிய சார்ஜரைச் செருகினாள். திரையில் வெறும் மின்கலப் படம் மட்டும் ஊர்ந்தது.

நாலு நாற்பத்து நாலு. நாற்பத்தெட்டு. யுகேந்திரன் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

நாலு ஐம்பத்தொன்றுக்குக் கைப்பேசி கண் விழித்தது. “அமுக்குங்க காக்கா!” என்று குமுதாவின் நாற்காலியிலிருந்து கத்தினாள். முதலாளி அறையில் அவர் அமுக்கினார். கைப்பேசி சிணுங்கியது.

“ஏழு!” என்றாள் ரிஹானா, அடித்தொண்டையிலிருந்து. “ரெண்டு! பூஜ்யம்! பூஜ்யம்! அஞ்சு! எட்டு!”

அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் கீபோர்டில் கை வைத்தார்கள்.

“எட்டா ஆறா?” என்றது அறைக்குள்ளிருந்து.

“எட்டு! எட்டு காக்கா, எட்டு!”

கொஞ்ச நேரம் ஒரு விரல் தட்டும் சத்தம் மட்டும். பிறகு, “ஏதோ பச்சையா டிக் வருதும்மா” என்றார் நசீருதீன்.

நாலு ஐம்பத்தாறுக்கு யுகேந்திரனிடமிருந்து செய்தி வந்தது: ‘வந்துடுச்சு. பேப்பர் போகுது.’ ரிஹானா ராசிக்குக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டு, குமுதாவின் நாற்காலியில் சாய்ந்தாள். கைகால்கள் தனித்தனியாக வலித்தன.

நசீருதீன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றார். அதில் அவருடைய சொந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

“இந்தாம்மா, என்னோடதையும் மாத்திடு. அப்புறம் இந்த ஃபோன குமுதாகிட்டயே கொடுத்துடுவோம், அது என்ன வேணா பண்ணிக்கட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “இத மாத்தறதுக்கும் டேக் இதுலதான் வருமா?”

“ஆமா காக்கா.”

அவர் பெருமூச்சு விட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“படி” என்றார்.